நீல நிற மூலை

நெருப்பை முதன்முதலில் மூட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. இரும்பை முதலில் உருக்கியவரும் தன் பெயரை எங்கும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால் நெருப்பையும் இரும்பையும் ஒரே கம்ப்யூட்டருக்குள் எதிரெதிரே உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசிய மாமனிதர் விஷயத்திலாவது வரலாறு அசட்டையாக இருந்துவிடக் கூடாது. அவர் பெயர் கார்முகிலன். ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில், 'ஸ்ரீ பரந்தாமா டிரையர்ஸ்' நிறுவனத்தில், 'முதுநிலை இணைப்புப் பொறியாளர்'. ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். கழுத்து மட்டும் கொஞ்சம் கோணல்.

கழுத்தின் கதையைச் சொன்னால்தான் பதவியின் மகிமை விளங்கும்.

பரந்தாமா டிரையர்ஸ், தோல் கம்பெனிகளுக்குக் காயவைக்கும் மெஷின் செய்துகொடுக்கிறது. கட்டில்கள் நாலைந்தைச் சேர்த்துப் போட்ட அகலத்துக்கு ஒரு இரும்புத் தட்டு. அதன் அடியில் அழுத்தத்தோடு சுடுதண்ணீர் ஓடும். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு மூலையில் நின்று, ஈரத் தோலைத் தட்டின் மேல் சுருக்கமில்லாமல் விரிப்பார்கள். மேலிருந்து மூடி இறங்கும். உள்ளே இருக்கும் காற்றை மெஷின் உறிஞ்சிவிடும். மூடி ஏறும்போது தோல் காய்ந்திருக்கும். கம்பெனி வாசல் கேட்டில் 'அசையாது! வளையாது! கசியாது!' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறது. முதலாளி பரந்தாமன் தானே யோசித்து எழுதிய வாசகம் அது. தினமும் காலையில் காரை விட்டு இறங்கியதும் அதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

முன்பெல்லாம் தட்டைச் செய்து பார்ப்பார்கள். பிளந்தால் வெல்டரைத் திட்டுவார்கள். இப்போது காலம் மாறிவிட்டது. செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் 'சிமுலேஷன்' போட்டுப் பார்த்து, பிளந்தால் மென்பொருளைத் திட்டலாம். தட்டைத் திரையில் வரைந்து, லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். "உனக்கு எவ்வளவு சுடுகிறது?" என்று விசாரிப்பது ஹீட் பிரிவு. அதன் தலைவர் இஷ்தியாக் அகமது. "உனக்கு எவ்வளவு வலிக்கிறது?" என்று விசாரிப்பது ஸ்ட்ரெஸ் பிரிவு. அதன் தலைவி யோகலட்சுமி.

இரும்புக்கு இந்தப் பிரிவினை தெரியாது. சுட்டால் நீளும். நீளவிடாமல் பிடித்துக்கொண்டால் வலிக்கும். சூடேறிய தட்டு கொஞ்சம் காலை நீட்டப் பார்க்கும். அதைத் தாங்கும் குளிர்ந்த சட்டம், எங்கே கிளம்பிவிட்டாய் என்று பிடித்துக்கொள்ளும். அந்த இழுபறி முழுக்க மூலை வெல்டிங்கின் தலையில் விடியும். ஆகவே சூட்டுக் கணக்கையும் வலிக் கணக்கையும் சேர்த்துத்தான் போடவேண்டும் என்று மென்பொருள் விற்க வந்தவர் மூன்று மணி நேரம் விளக்கினார். பரந்தாமன் கைதட்டினார். மென்பொருள் வாங்கப்பட்டது.

ஆனால் இஷ்தியாக் அகமதுவும் யோகலட்சுமியும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஏ.சி. நாள் முழுக்கச் சூட்டைப் பற்றியே யோசிக்கும் இஷ்தியாக்குக்குச் சூடு ஆகாது; பதினெட்டில் வைப்பார். யோகலட்சுமிக்குக் குளிர் ஆகாது, அணைத்துவிடுவார். ரிமோட் காணாமல் போகும். பூந்தொட்டியில் கிடைக்கும். மறுபடி காணாமல் போகும். பரந்தாமன் தொலைநோக்கு உள்ளவர். அறையின் நடுவே கண்ணாடித் தடுப்பு போட்டு ஒரு பக்கம் ஏ.சி.யும் மறுபக்கம் ஃபேனும் கொடுத்தார். சூட்டுக் கணக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக, சினிமா தியேட்டர் டிக்கெட் கவுன்ட்டர் மாதிரி தடுப்பில் ஒரு ஓட்டை விட்டார். ஓட்டை வழியாகப் பென் டிரைவ் போகும். அதைக் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். இன்டர்வியூவுக்கு வந்த கார்முகிலனிடம் பரந்தாமன் கேட்ட ஒரே கேள்வி, "ரெண்டு கையும் நல்லா நீளுமா தம்பி?" என்பதுதான்.

நீண்டது. இணைப்புப் பொறியாளர் ஆனார்.

அவருடைய நாற்காலி ஓட்டையை ஒட்டிப் போடப்பட்டது. இடது தோள் இஷ்தியாக்கின் பதினெட்டு டிகிரியில் இருக்கும். வலது தோள் ராணிப்பேட்டையின் மே மாதத்தில் இருக்கும். கொஞ்ச நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. வாலாஜாபேட்டை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிரு, நடுவுல அசையாம புடிச்சு வெச்சா இழுக்காம இன்னாப்பா பண்ணும்?" என்றார். அத்தனை விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் சொல்லவேண்டியதை அவர் ஊசி போடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்த அலுவலகத்தில் வெப்பமும் வலியும் விதிப்படி இணைக்கப்பட்ட ஒரே பொருள் தன் கழுத்துதான் என்பது கார்முகிலனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொள்வார். சிரித்தாலும் வலித்தது.

கழுத்துப் பிடிப்பில் ஒரு விசேஷம் இருந்தது. தலை மேலும் கீழும் ஆடும். பக்கவாட்டில் ஆடாது. எதைக் கேட்டாலும் அவரால் 'சரி' என்று தலையாட்ட முடியும். 'இல்லை' என்று ஆட்ட முடியாது. நிர்வாகத்துக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அடுத்தடுத்துப் பதவி உயர்வு வந்து, பதவிக்கு முன்னால் 'முதுநிலை' ஒட்டிக்கொண்டது.

இந்த நிலையில்தான் ஆபித் பாஷாவின் ஆர்டர் வந்தது. மேல்விஷாரம் போகிற வழியில் அவருக்குத் தோல் கம்பெனி. இந்த வட்டாரத்தில் யாரும் இதுவரை வைத்திராத அளவுக்குப் பெரிய தட்டு கேட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"பரந்தாமா, எனக்கு இந்த கம்ப்யூட்டர் கணக்கெல்லாம் தெரியாது. ஷூ வாங்கற வெளிநாட்டுக்காரன் மெஷினோட படம் கேக்கறான். கலர் கலரா இருக்குமாமே, அது. அதுல செவப்பு மட்டும் இருக்கக் கூடாதாம். செவப்பு இருந்தா பேஜார்."

"பாய், நம்ம கம்பெனி படத்துல செவப்பா?" என்று பரந்தாமன் நெஞ்சில் கை வைத்தார்.

அந்தப் படங்களில் நீலம் என்றால் இரும்பு நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். பச்சை, மஞ்சள் என்று ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பு வந்தால், அந்த இடத்தில் இரும்பு உயிரை விடப்போகிறது என்று அர்த்தம். இஷ்தியாக் சூட்டை மட்டும் போட்டுப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. யோகலட்சுமி தட்டைக் குளிர வைத்து, வலியை மட்டும் போட்டுப் பார்த்தார். பாலாறு எந்தக் காலத்திலோ இருந்ததாகச் சொல்வார்களே, அந்த நீலத்தில் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கார்முகிலன் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால், தட்டின் ஒரு மூலையில் குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு.

கூட்டம் கூடியது. இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார மறுத்ததால் கண்ணாடித் தடுப்பின் இரண்டு பக்கமும் நாற்காலி போடப்பட்டது. ஆற்காடு மக்கன் பேடா ஓட்டை வழியாகப் பரிமாறப்பட்டது.

"இந்தச் செவப்பு யாருது?" என்று ஆரம்பித்தார் பரந்தாமன்.

"என் சூட்டைப் பாருங்க சார். ஒரு இடத்துல ஜாஸ்தி இல்ல, ஒரு இடத்துல கம்மி இல்ல. சுத்தமான சூடு," என்றார் இஷ்தியாக்.

"நான் குளுந்த தட்டுக்குக் கணக்குப் போட்டேன் சார். அது பாட்டுக்கு செவனேன்னு இருந்துச்சு. அதைப் போய் அவரு சூடு பண்ணா நான் இன்னா பண்றது?" என்று ஓட்டை வழியாகக் கேட்டார் யோகலட்சுமி.

"அப்போ தனித்தனியா இருந்தா ரெண்டும் நல்லது. சேந்தாதான் கெட்டது," என்று பரந்தாமன் தாடையைத் தடவினார். "எங்க குடும்பத்துலயும் அப்படித்தான். சரி, இதுங்களைச் சேத்தது யாரு?"

எல்லாரும் கார்முகிலனைப் பார்த்தார்கள். அவர் மேலும் கீழுமாகத் தலையாட்டினார்.

தலையாட்டியதோடு நிற்காமல் ஒரு யோசனையும் சொன்னார் என்பதை இங்கே பதிவு செய்வது கடமை. "நாலு மூலையையும் வெல்டு வெச்சுப் புடிக்காம, ஒரு பக்கத்தைக் கொஞ்சம் நகர விட்டா போதும் சார். தட்டு சூட்டுல நீண்டுட்டு, ஆறினதும் பழையபடி வந்துடும். செவப்பு போயிடும்."

"நகருமா?"

"ஒரு ரெண்டு மில்லிமீட்டர் சார்."

"கேட்டுல இன்னா எழுதியிருக்குது, படி."

"அசையாது, வளையாது, கசியாது சார்."

"மூணு வார்த்தை எழுதறதுக்கு ஒரு வாரம் கண்ணு முழிச்சேன். நீ எடுத்த எடுப்புல முதல் வார்த்தையிலயே கைய வெக்கற." பரந்தாமனின் குரல் தழுதழுத்தது. "வேற வழி சொல்லுங்க."

வழிகள் வந்து குவிந்தன. கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்தால் சிவப்பு தெரியாது என்றார் இஷ்தியாக். கட்டங்களைப் பெரிதாக வெட்டினால், சின்ன வலியெல்லாம் பெரிய கட்டத்தில் கரைந்துவிடும் என்றார் யோகலட்சுமி. இது உண்மையிலேயே வேலை செய்யக்கூடிய மோசடி என்பதால் கார்முகிலன் கொஞ்சம் பயந்தார். அந்த மூலையை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் படம் எடுக்க முடியாதா, கல்யாண போட்டோவில் பிடிக்காத பெரியப்பாவை வெட்டுவதில்லையா என்றார் பரந்தாமன்.

எல்லாரும் ஏதாவது சொல்லிவிட்டார்கள், தான் சொன்னது மட்டும் எடுபடவில்லை என்கிற குறை கார்முகிலனுக்கு. படித்தவர்களுக்கே வருகிற குறை அது. அப்போதுதான் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் வந்தது.

"சார், செவப்பு எந்த நம்பர்ல ஆரம்பிக்கணும்ன்றதை நாமதான் சொல்றோம்."

ஏ.சி.யும் ஃபேனும் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நாமளா?" என்றார் பரந்தாமன்.

"நாமதான் சார். இங்க நம்பர் போடற கட்டம் ஒண்ணு இருக்குது. அதுல பெரிய நம்பரா போட்டா, இப்ப செவப்பா இருக்கறது மஞ்சளாயிடும். இன்னும் பெருசாப் போட்டா பச்சை."

"இன்னும் பெருசா?"

கார்முகிலன் இன்னும் பெரிய எண்ணைத் தட்டினார். மூலை நீலமானது. வெல்டிங்கில் ஒரு மாற்றமும் இல்லை, இரும்பில் ஒரு மாற்றமும் இல்லை, ஆனாலும் தட்டு திருந்திவிட்டது. பரந்தாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இஷ்தியாக்கும் யோகலட்சுமியும் பல மாதங்களுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்தார்கள். அந்த வாரமே கார்முகிலனுக்கு 'வண்ண மேலாண்மைச் செம்மல்' என்று ஒரு ஷீல்டு தரப்பட்டது. வாங்கும்போது நன்றாகத் தலையாட்டினார்.

அன்றிலிருந்து பரந்தாமனுக்குச் சிவப்பு என்றாலே ஆகாமல் போயிற்று. புது மெஷினில் எங்கேயும் சிவப்பு இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். விளக்குகள் நீலமாயின. வால்வுகளின் கைப்பிடிகள் நீலமாயின. மெஷினை அவசரமாக நிறுத்துகிற பொத்தானையும் நீலமாக்கச் சொன்னார். அது மட்டும் சிவப்பாகத்தான் இருக்கவேண்டும் என்று அரசாங்க விதி குறுக்கே வந்தது. வேறு வழியில்லாமல் அதை விட்டுவிட்டார்கள்.

கார்முகிலனுக்கு ஒரு அக்கா உண்டு. அமிர்தவள்ளி. வாலாஜாபேட்டையில் ஒரே வீட்டில் முன் போர்ஷனில் அவள், பின் போர்ஷனில் இவர். சாப்பாடு அக்கா வீட்டில். ஒரு நாள் சாயங்காலம் அவள் தோல் கம்பெனி வேலையிலிருந்து வந்து, கையைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"டேய் முகிலு, உன் மெஷின் எங்க கம்பெனிக்குத்தான் வருதாமே. ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொல்லலாம்னுதான்கா இருந்தேன்."

"என்னையும் கெங்கம்மாவையும் அதுலதான் போட்டிருக்காங்க. நான் வாசப் பக்கத்து மூலை. கெங்கம்மா அந்தாண்ட. என் தம்பி செஞ்ச மெஷின்னு ஒருத்திகிட்டதான் சொன்னேன், சாப்பாட்டு பெல் அடிக்கறதுக்குள்ள கம்பெனி பூரா தெரிஞ்சுபோச்சு. மேனேஜர் கூட வந்து கேட்டாரு."

வாசல் பக்கத்து மூலை. கார்முகிலனின் கையில் இருந்த சோற்று உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. மெஷினை எந்தத் திசையில் நிறுத்தப்போகிறார்கள் என்று வரைந்து கொடுத்தவரே அவர்தான். திரையில் குங்குமம் கொட்டிக் கிடந்த மூலை அதுதான். வெல்டிங் விட்டுப்போனால், அழுத்தத்தோடு ஓடுகிற சுடுதண்ணீர் முதலில் அங்கே நிற்கிறவளின் இடுப்புக்குக் கீழேதான் பீய்ச்சும்.

"இன்னாடா, சாப்டாம கையில வெச்சுக்கினு உக்காந்துட்டே?"

"கழுத்து கா."

"அந்த ஏ.சி. ஓட்டையை விட்டு வாடான்னா கேக்கறியா நீ?"

"அக்கா, நீ வேற மெஷினுக்கு மாத்திக்கியேன்."

"எதுக்கு?"

"இதுல சூடு ஜாஸ்தி."

"மத்த மெஷின்ல எல்லாம் ஐஸா வெச்சிருக்கான்?" என்று சிரித்துக்கொண்டே அவள் ரசம் ஊற்றினாள்.

கார்முகிலன் சும்மா இருந்துவிட்டார் என்று யாரும் அவர் மேல் பழி சொல்லக் கூடாது. அவர் கடும் முயற்சி எடுத்தார். இஷ்தியாக்கிடம் போனார். "அது ஸ்ட்ரெஸ் மேட்டருப்பா" என்றார் அவர். ஓட்டை வழியாக யோகலட்சுமியைக் கேட்டார். "அது சூட்டால வர்றதுப்பா, ஹீட் மேட்டர்" என்றார் அவர். அப்படியானால் இது யாருடைய மேட்டர் என்று கார்முகிலன் யோசித்துப் பார்த்தார். இரண்டையும் இணைக்கிற பிரிவு என்று கம்பெனியில் ஒன்று இருந்தது. அதில் மொத்தம் ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளைப் பற்றி கார்முகிலனுக்கு அவ்வளவாக நல்ல அபிப்பிராயம் கிடையாது.

கடைசியில் பரந்தாமனின் அறைக்கே போய் நின்றார். பேசவேண்டியதைக் குளியலறையில் பல முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார். பரந்தாமன் நிமிர்ந்து பார்த்து, "எல்லாம் நீலம்தானே?" என்று கேட்டார். தலை தானாக மேலும் கீழும் ஆடியது. அவர் என்ன செய்வார், பாவம், கழுத்து அப்படி.

அதற்குப் பிறகு மனசைத் தேற்றிக்கொள்ளக் காரணங்கள் தேடினார். படித்தவருக்குக் காரணத்துக்குப் பஞ்சமா? கம்ப்யூட்டர் எப்போதும் கொஞ்சம் மிகைப்படுத்தும். வெல்டர் கைராசிக்காரர். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் சட்டமும் கூடவே சூடாகிவிடும், வலி குறையும். முதல் தடவை மட்டும் பொறுமையாகச் சூடேற்றச் சொல்லிவிட்டால் போதும் என்று முடிவு செய்து, கையேட்டில் 'மெதுவாகச் சூடேற்றவும்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. தோல் கம்பெனி வாசலில், மெஷின் நிற்கிற ஷெட்டை ஒட்டி ஷாமியானா போட்டிருந்தார்கள். மெஷினுக்கு மாலை, கற்பூரம், எலுமிச்சம்பழம். அது முடிந்ததும் ஆபித் பாஷா தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு துவா செய்தார். ஒரு பக்கம் ஃப்ளெக்ஸ் பேனரில் தட்டின் படம், ஓரத்தில் ஒரு புள்ளி சிவப்பு இல்லாமல் நீலமாக விரிந்திருந்தது. அதன் கீழ் மூலையில் கார்முகிலனின் பாஸ்போர்ட் போட்டோ. போட்டோவிலும் கழுத்து கோணல்தான்.

பரந்தாமன் பேசிய பேச்சு நீண்டுகொண்டே போனது. அதற்குள் பின்னால் பிரியாணி தேக்சா வந்து இறங்கி, வாசனை பந்தல் முழுக்கப் பரவியது. ஆபித் பாஷா நெளிந்தார்.

"பரந்தாமா, சாப்பாடு ஆறுது."

"ஆறவிடுவோமா பாய்?" என்ற பரந்தாமன் ஆபரேட்டரைப் பார்த்துத் திரும்பினார். "யோவ், மெதுவால்லாம் வேணாம். வால்வை முழுசாத் தொற. சட்டுனு சூடாகட்டும்."

பிரியாணி ஆறிவிடக் கூடாது என்பதற்காகத் தட்டு அவசரமாகச் சூடேற்றப்பட்டது. குழாய்க்குள் சுடுதண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. கையேட்டில் போட்ட தடித்த எழுத்து கார்முகிலனின் கண்ணில் நின்றது. அதை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அமிர்தவள்ளி புது ஏப்ரன் கட்டிக்கொண்டு வாசல் பக்கத்து மூலையில் போய் நின்றாள். தலையில் பூ. எதிர் மூலையில் கெங்கம்மாள். நடுவில் ஈரத் தோல். கார்முகிலனின் கால்கள் அவரைக் கேட்காமல் நடந்தன.

"அக்கா, இந்தாண்ட வா."

"எதுக்குடா?"

"போட்டோக்கு. நீ உயரம். எதிர் மூலைல நின்னாதான் தெரிவே." அவர் எதிர்ப்பக்கம் திரும்பினார். "கெங்கம்மாக்கா, நீங்க இந்த மூலைக்கு வந்துடுங்க."

கெங்கம்மாள் மகராசி மாதிரி வந்தாள். "எனக்கும் நல்லதாப் போச்சு தம்பி. ஃபேன் காத்து இந்தாண்டதான் அடிக்குது" என்று வாசல் பக்கத்து மூலையில் நின்றுகொண்டாள்.

அமிர்தவள்ளி நாலடி நடந்தவள் நின்றாள். திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கார்முகிலன் பொய் சொன்னால் அவர் காது சிவந்துவிடும். சின்ன வயதில் எத்தனையோ தடவை அந்தக் காதைப் பிடித்துத் திருகியவள் அவள். இப்போது இரண்டு காதும் சிவந்திருந்தன. நிறத்தை மாற்றுகிற அந்தக் கட்டம் காதுக்குக் கிடையாது.

"முகிலு, அந்த மூலைல இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

"அப்பறம் எதுக்கு என்னை மாத்தறே?"

"அதான் சொன்னேனே, போட்டோக்கு. மூலையெல்லாம் நல்லா இருக்குதுக்கா. படத்தைப் பாரு, நீலம்."

"நீலமா? அப்போ நீ நில்லு."

அவள் சத்தமாகத்தான் சொன்னாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பரந்தாமன் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "பார்த்தீர்களா! செய்த பொறியாளரே முதல் தோலை விரிக்கப்போகிறார்! இந்தத் தைரியம் எந்தக் கம்பெனிக்கு உண்டு?" என்று முழங்கினார். கைதட்டல் பந்தலைப் பிளந்தது. கெங்கம்மாள் வெட்கத்தோடு ஒதுங்கி வழிவிட்டாள். யாரோ கார்முகிலனுக்கு ஏப்ரன் மாட்டிவிட்டார்கள்.

வாசல் பக்கத்து மூலையில் அவர் நின்றார். தட்டின் சூடு வயிற்றில் அடித்தது. கால் இரண்டும் வெல்டிங்குக்கு நேர் எதிரே இருந்தன. கெங்கம்மாள் சொன்னது சரிதான், ஃபேன் காற்று நன்றாக வந்தது.

'டிக்' என்று ஒரு சத்தம்.

யாரும் கவனிக்கவில்லை. புது மெஷின் என்றால் ஏதாவது சத்தம் வரத்தானே செய்யும். கார்முகிலனுக்கு மட்டும் அது என்ன என்று தெரிந்தது. நீள நினைத்த தட்டைச் சட்டம் பிடித்து இழுக்கிறது. அவர் போட்ட கணக்கு அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து பேசுகிறது.

'டிக்.'

அந்த மெஷினில் சிவப்பாக மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது என்று அவர் தேடவில்லை, யோசிக்கவில்லை. கை போய் அதன் மேல் ஓங்கி அறைந்தது. பம்ப் நின்றது. குழாய் அடங்கியது. மூடி அந்தரத்தில் நின்றது.

"ஆஹா!" என்றார் பரந்தாமன் மைக்கில். "அவசர நிறுத்தம் எப்படி வேலை செய்கிறது என்று செய்துகாட்டினார்! போதும்பா, திரும்பப் போடு."

கார்முகிலன் பொத்தானிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இன்னாய்யா? போடுன்றேன். சரியா?"

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கார்முகிலனின் தலை பக்கவாட்டில் ஆடியது. கழுத்தில் ஏதோ சொடுக்கென்று விட்டது, கண்ணில் தண்ணீர் வந்தது. இருந்தாலும் இன்னொரு தரம் ஆட்டினார்.

"இல்ல சார். மூலை பிளந்துடும் சார். சுடுதண்ணி அடிச்சுடும். சூட்டையும் வலியையும் சேத்துப் போட்டா இந்த மூலை செவப்பு சார். நம்பரை மாத்தி நீலமாக்கினது நான்தான்."

பின்னால் தேக்சா மூடியை யாரோ மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது. ஆபித் பாஷா குனிந்து மூலையைப் பார்த்தார். வெல்டிங்கின் மேல் முடி மாதிரி ஒரு கோடு ஓடியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் துளிர்த்து, ஆவி பறக்க நின்றது. அவர் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

பரந்தாமனைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க அவருக்குச் சிமுலேஷன் தேவையில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தழுதழுத்தார். "இதுதான் எங்கள் கம்பெனி! உயிரைக் கொடுத்தாவது உண்மையைச் சொல்லும் பொறியாளர்! இந்தத் தட்டை எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம். இனி எங்கள் தட்டு அளவோடு அசையும்! கேட்டிலும் அப்படியே எழுதுகிறோம்!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஆபித் பாஷா கார்முகிலனைக் கட்டிக்கொண்டார். "தம்பி, தன் தப்பைத் தானே நாலு பேர் முன்னாடி சொல்ற மனுஷனை நான் பார்த்ததே இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பரந்தாமனுக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வை கார்முகிலனின் தோளில் விழுந்தது. இஷ்தியாக்கும் யோகலட்சுமியும் ஒரே பக்கத்தில் நின்று கைதட்டினார்கள். வாய்மை, துணிச்சல், தியாகம் என்று மைக்கில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எல்லாம் தனக்குத்தான் என்று கார்முகிலனுக்கே மெல்ல நம்பிக்கை வர ஆரம்பித்தது. சால்வையைச் சரிசெய்துகொண்டு அக்காவைத் தேடினார்.

அமிர்தவள்ளி கைதட்டவில்லை. ஒதுங்கி நின்றிருந்த கெங்கம்மாளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி கிட்டே வந்ததும், வேறு யார் காதிலும் விழாத குரலில் சொன்னாள்.

"நான் நின்னப்போ 'இந்தாண்ட வா'ன்னே. இவ நின்னப்போ நீலம்னே. உன் காலு அங்க போய் நின்னப்பறம்தான்டா அந்த மூலை செவப்பாச்சு."